பன்னிரண்டு ஜோடி பூட்ஸ்

"தம்பி, என் வேலை போச்சு."

சொன்னவர் எல்பர்ட். பதினாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ரயிலில், படுக்கைப் பெட்டிப் பயணிகளுக்குப் பணிவிடை செய்யும் போர்ட்டராகச் சேர்ந்து இன்றைக்கு மூணாம் நாள்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் அந்த வேலைக்குக் கறுப்பர்களைத்தான் வைப்பார்கள். வேலை பழக்க வந்த லூஷியஸும் கறுப்பன்தான். வயசு இருபத்தெட்டு. குரு இளையவன், சிஷ்யர் மூத்தவர். ரயிலில் அப்படியும் உண்டு.

"என்ன ஆச்சு வாத்தியாரே?"

"பயணிங்க பூட்ஸுக்கெல்லாம் பாலிஷ் போட்டேன்."

"போட வேண்டியதுதானே."

"எது யாருதுன்னு தெரிய, அடியில சாக்பீஸால படுக்கை நம்பர் எழுதியிருந்தேன். துடைச்ச வேகத்துல அடியையும் துடைச்சிட்டேன்."

லூஷியஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"அடியையுமா! மிதிபடப்போற ரோட்டுக்குக் கண் கூசுமே!"

"சிரிக்காதே தம்பி. பன்னிரண்டு ஜோடி, அத்தனையும் கறுப்பு. மெம்பிஸ் வர அரை மணிதான் இருக்கு. ஒருத்தர் பூட்ஸ் மாறினாலும் புகார். புகார் போனா என்னை இறக்கி விட்டுடுவாங்க. வீட்டுல நாலு வயிறு இருக்கு."

லூஷியஸ் ஒரு பூட்ஸைக் கவிழ்த்துக் காட்டினான். இடது குதி தேய்ந்திருந்தது.

"இப்படி நடக்கிறவர் யாரு?"

"ஏழாம் நம்பர். ஏறும்போதே இடப்பக்கம் சாய்ஞ்சுதான் ஏறினார்."

"இது?" முனை உரிந்திருந்தது.

"மூணு. எதிர் சீட்டை உதைச்சுக்கிட்டேதான் பேப்பர் படிப்பார்."

"இது?"

"பத்து. கால் வீக்கம் பாவம், மேல் ரெண்டு ஓட்டையில லேஸ் கோக்கவே மாட்டார்..."

எல்பர்ட் சட்டென்று நிறுத்தினார். குருவின் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார். அப்புறம் அவன் கேட்கவில்லை, இவரும் நிமிரவில்லை. ஒவ்வொரு ஜோடியாக எடுத்து, அந்தந்தப் படுக்கையின் கீழே வைத்துக்கொண்டே போனார்.

பன்னிரண்டு பேரும் காலை நுழைத்தார்கள். ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. எல்பர்ட்டுக்குப் போன உயிர் திரும்பியது.

மெம்பிஸ். இறங்கும்போது ஏழாம் நம்பர் நேரே லூஷியஸிடம் போய் அவன் தோளைத் தட்டினார்.

"நேத்திலிருந்து என்னை நல்லா கவனிச்சுக்கிட்ட, ஜார்ஜ்! பூட்ஸ் கண்ணாடி மாதிரி இருக்கு!"

ஜார்ஜ் என்பது கம்பெனி முதலாளியின் பேர். எந்தப் போர்ட்டரையும் பயணிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எல்பர்ட் வாயைப் பிளந்தார்.

"நீ பனைமரம், நான் பூசணிக்காய். என் மீசை வேற நரைச்சுக் கிடக்கு. நேத்திலிருந்து அவர் என்னைத்தானே தம்பி பார்த்தார்?"

"பார்த்தாரா?" என்றான் லூஷியஸ்.