தோளில் ஓர் ஊக்கு

கூலி உயர்வு கேட்டு நூல் மில் பெண்கள் நடத்திய ஊர்வலத்தில் போலீஸ் சுட்டுப் பழனாத்தாள் இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் அவளுடைய சேலை ஊக்கை மட்டும் தங்கை மயிலாத்தாளிடம் கொடுத்தார்கள். அவள் அதை வெளியே தெரியும்படி இடது தோளில் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தாள். மறுநாள் எல்லாப் பெண்களும் அப்படியே வந்தார்கள்.

மேனேஜர் வரதராஜுலு கேட்டில் நின்று சத்தம் போட்டார். “இது சங்கத்துச் சின்னம். இனி எவ தோள்லயாவது ஊக்கைப் பார்த்தேன்னா வேலை கிடையாது.”

“சரிங்க,” என்றாள் மயிலாத்தாள்.

அடுத்த நாள் யாரும் ஊக்கு குத்தவில்லை. எல்லோரும் ஒரு கையால் முந்தானையைத் தோளோடு பிடித்தபடி மிஷின் முன்னால் நின்றார்கள். அறுந்த இழையை முடிய இரண்டு கையும் வேண்டும். ஒவ்வொரு மிஷினாக நின்றுபோனது.

“கையை எடுத்துட்டு வேலையைப் பாருங்கடி,” என்றார் மேனேஜர்.

“கையை எடுத்தா முந்தானை மிஷின்ல சிக்கிக்குமுங்க. ஊக்கு வேண்டாம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?” என்றாள் மயிலாத்தாள்.

அவர் நின்ற மிஷின்களைப் பார்த்தார். “குத்தித் தொலைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் அதே தோளில் குத்திக்கொண்டார்கள். அக்கா நின்ற இடத்தில் அன்று புதிதாகச் சேர்ந்த ஒருத்தி நின்றாள். பழனாத்தாளை அவள் பார்த்ததுகூட இல்லை. அவளும் குத்திக்கொண்டாள். சாவு வீட்டிலும் அழாத மயிலாத்தாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.