வெளியூர் போன செக்குக்காரர்

ரொம்ப காலத்துக்கு முன்னால் வேலங்காட்டுச் சீமையைக் கோமேதகராயன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். சாவு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவனுக்குக் கை கால் உதறும். அதனால் ஒரு சட்டம் போட்டான். யார் செத்தாலும் ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பின் இன்னாருக்கு என்று உயில் எழுதுவதும் குற்றம். மீறினால் நாக்கை அறுத்துவிடுவார்கள்.

இந்தக் கூத்தில் அகப்பட்டவள் வேம்பாயி. அவள் புருஷன் செக்கு வைத்து எண்ணெய் ஆட்டியவர். வீட்டையும் செக்கையும் மனைவிக்கும் இரண்டு பெண்களுக்கும் எழுதிவைக்க ஆசைப்பட்டார். சட்டத்துக்குப் பயந்து எழுதாமலே கண்ணை மூடிவிட்டார். கருமாதி முடிவதற்குள் வந்து நின்றார் அவருடைய அண்ணன் தாண்டவராயர். அரண்மனைக் கருவூல அதிகாரி. தம்பி பிழைத்த பிழைப்பில் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். தம்பி வெளியூர் போனால் சொத்தை அண்ணன் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம் என்று வீட்டைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார்.

வேம்பாயி பெண்களோடு சபைக்குப் போனாள். தம்பி திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவதாகத் தாண்டவராயர் வெகு பணிவாகச் சொன்னார்.

ராஜா அவள் பக்கம் திரும்பினான். “உன் புருஷன் வெளியூர்தானே போயிருக்கான்?”

ஆம் என்றால் வீடு போச்சு, இல்லை என்றால் நாக்கு போச்சு. வேம்பாயி சபையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள். அப்போதுதான் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தூங்கி வழியும் பெரியவரைப் பார்த்தாள். ராஜாவின் பெரியப்பா அவர். ஒரு காலத்தில் ராஜ்யத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதற்காகத் தினமும் வருந்துகிறவர்.

“ஆமாங்க மகாராஜா, வெளியூர்தான். உங்க அப்பாவும் அங்கேதானே போயிருக்காரு?”

“அதுக்கென்ன?”

“தம்பி ஊர்ல இல்லேன்னா அண்ணன்தான் பார்த்துக்கணுமாம். சிம்மாசனத்தை இன்னும் உங்க பெரியப்பாகிட்ட குடுக்கலையேன்னு பார்த்தேன்.”

பெரியப்பா விழித்துக்கொண்டார். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, “நான் எப்போ வந்து உக்காரணும்?” என்று கேட்டார்.

ராஜா துள்ளி எழுந்தான். “எங்கப்பா எந்த ஊருக்கும் போகலே. அவர் செத்துப் போயிட்டார்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“என் புருஷனும் செத்துத்தாங்க போயிட்டாரு,” என்றாள் வேம்பாயி. அத்தனை நாள் அடக்கிய அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. ராஜாவும் அழுதான். அப்பனுக்காக அவன் அழுததே அதுதான் முதல் தடவை.

சட்டம் அன்றே ஒழிந்தது, சாவி வேம்பாயியிடம் வந்தது. தாண்டவராயர் பதவியை இழந்து, அவளுடைய செக்கில் ஒரு வருஷம் மாட்டுக்குப் பின்னால் சுற்றினார். எல்லோரும் நல்ல நினைவோடு இருக்கும்போதே உயில் எழுதலாம் என்று சொல்லி, ராஜாவே முதலில் எழுதினான். பெரியப்பா பெருமூச்சோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து எழுதியவள் வேம்பாயி. வீடும் செக்கும் இரண்டு பெண்களுக்கும் சமபாதி.

“எங்களுக்கு எப்போம்மா கெடைக்கும்?” என்று கேட்டாள் சின்னவள்.

“நான் செத்த பெறகு,” என்று சபைக்கே கேட்கும்படி சொன்னாள் வேம்பாயி. “இப்போ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு.”