வேறொருவர் நிரப்பிய துவக்கு

தாமோதரம் பூரணத்தைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இருந்தும் மான் சுடப் பழக அவளிடம்தான் வந்தார். அவளுடைய குறி தப்பாது என்று அந்தக் காட்டோர ஊர் முழுக்கத் தெரியும்.

அவளிடம் இருந்தது இடியன் துவக்கு என்ற பழைய துப்பாக்கி. குழல் வாயால் மருந்தும் குண்டும் போட்டு, கோலால் இடித்து இறுக்க வேண்டும். ஒரு மாதமாகியும் அவள் அவரைச் சுட விடவில்லை. அவள் சுடுவாள், அவர் குழலைத் துடைப்பார். முதலில் ஈரத்துணி, பிறகு காய்ந்த துணி. ஒவ்வொரு வெடிக்கும் இதே பாடம்.

"வாத்தியாரம்மா, என்ரை மனுசி கேட்கிறாள், மான் சுடப் போறீங்களோ, சட்டி கழுவப் போறீங்களோ எண்டு."

"அண்ணை வீட்டிலை சட்டி கழுவுறனீங்களோ?"

"இல்லை."

"அப்ப இஞ்சை பழகிக்கொண்டு போங்கோ."

"குறி தப்பாமல் இருக்கிறது கண்ணாலையோ, கையாலையோ? அதையாவது சொல்லுங்கோ."

அவள் அடுத்த துணியை அவர் கையில் வைத்தாள்.

மறுநாள் காலை இருவரும் குளக்கட்டில் இருந்தபோது அரசாங்க ஊர்த்தலைவரான விதானையார் வந்தார். துவக்கு வைத்திருக்கும் அனுமதிப் பத்திரத்தைப் பார்க்கவென்று முந்தினநாள் வாங்கிப்போன பூரணத்தின் துவக்கு அவர் கையில் இருந்தது. பத்திரத்தில் அவர் முத்திரை குத்தாவிட்டால் துவக்கு இல்லை. துவக்கு இல்லாவிட்டால் பன்றிகள் சோளத்தைத் தின்றுவிடும். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அந்தச் சோளம்தான் ஒரு வருசச் சாப்பாடு.

எதிர்க்கரையில் ஒரு கலைமான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

விதானையார் குரலைத் தாழ்த்தினார். "பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் வருகினம். இறைச்சி வேணும். நானே எல்லாம் போட்டு இடிச்சுக்கொண்டு வந்திட்டன். நீ விசையை இழுத்தால் சரி."

பூரணம் கோலைக் குழலுக்குள் விட்டாள். அந்தக் கோலில் அவள் கத்தியால் ஒரு வெட்டு வைத்திருந்தாள். அளவாக நிரப்பினால் வெட்டு குழல் வாயோடு நிற்கும். இன்று இரண்டு விரல் மேலே நின்றது.

"மருந்து எவ்வளவு போட்டனீங்கள்?"

"கையாலை அள்ளிப் போட்டன். கூடினால் நல்லதுதானே."

"கூடினால் குண்டு எங்கை போகுமெண்டு தெரியாது. நான் இடிக்காத குண்டாலை மானைச் சுடமாட்டன்."

"முத்திரை இன்னும் குத்தேல்லை, பிள்ளை."

தாமோதரம் அவள் காதோடு சொன்னார்: "பிள்ளையளை யோசியுங்கோ, வாத்தியாரம்மா."

அவள் எழுந்து, இடித்ததைச் சுட்டுத் தீர்க்கவென்று குழலைப் பக்கத்து மண்மேட்டின் பக்கம் திருப்பி விசையை இழுத்தாள்.

புகை கலைந்தபோது எதிர்க்கரையில் மான் இல்லை.

"என்ன கொழுப்பு உனக்கு! கொண்டா துவக்கை!"

"பொறுங்கோ."

அவள் துணியைக் குளத்தில் நனைத்தாள். முதல் துணி கரியாக வந்தது. இரண்டாவதும் கரி.

"என்னை நிக்கவைச்சு விளையாடுறியோ?"

"என்ரை துவக்கு அழுக்கோடை ஒரு இடமும் போகாது."

கடைசித் துணி வெள்ளையாக வந்த பிறகுதான் கொடுத்தாள்.

"எண்ணெய் பூசி வையுங்கோ. சுட முன்னம் அந்த எண்ணெயைத் துடையுங்கோ, இல்லாட்டி முதல் வெடி பிழைக்கும். இரவிலை நிரப்பி வைக்காதேங்கோ, மருந்து ஈரம் இழுக்கும்."

"எனக்கு நீ படிப்பிக்கிறியோ?"

"பழக விருப்பமெண்டால் அண்ணைக்குப் பக்கத்திலை வந்து இருங்கோ."

விதானையார் துவக்கோடு போய்விட்டார்.

தாமோதரம் சோளக்காணிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இண்டைக்குப் பண்டி வரும்."

"வரட்டும். தகரம் தட்டுவம்."

"எத்தினை நாளைக்குத் தட்டுவியள்? மான் எவ்வளவு கிட்ட நிண்டது! கண்ணை மூடிக்கொண்டு இழுத்திருந்தாலும் மானிலை பட்டிருக்கும்."

பூரணம் ஈரத்துணியைப் பிழிந்தாள்.

"பட்டிருக்கும், அண்ணை. எங்கை பட்டிருக்கும்? நெஞ்சிலையோ, காலிலையோ?"