உப்புக்காரி கோமு முழுகி எழுந்த கதை

ஒரு ஊர்ல ஒரு உப்புக்காரி இருந்தா. கடலோரத்து ஊரு. அவ பேரு கோமு. புருஷனைக் கடல் கொண்டுபோயிடுச்சு, பிள்ளை இல்ல. ஆத்துக்கு அந்தப்பக்கம் கூடப்பொறந்த அக்கா ஒருத்திதான். கோமு கூடையைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா போவா. உப்பு வாங்குவாங்க, கதவைச் சாத்திக்குவாங்க. வேற பேச்சு பேச ஆளே கிடையாது. கேக்குறியா? ம்.

அந்த ஊர்ல யூதர் தெருன்னு ஒண்ணு. எந்தக் காலத்துலயோ கப்பல்ல வந்து தங்கிட்ட சனங்க, மொத்தம் பன்னெண்டு வீடு. அதுல சிம்கான்னு ஒரு வயசான அம்மா. அவங்களும் தனிக்கட்டை. அவங்க மட்டும் கோமுவை உள்ள கூப்பிட்டு உக்கார வெப்பாங்க. ஒருநாள் ஆகார்னு ஒரு பொண்ணு கதையைச் சொன்னாங்க. வீட்டை விட்டு ஓடிப்போயி, வனாந்தரத்துல தனியா கிடந்தாளாம். அப்போ அங்க கடவுள் அவளைப் பாத்தாராம். கோமு கூடையை எடுக்காம அப்படியே உக்காந்திருந்தா. அந்தக் கடவுளோட சனத்துல நானும் சேரணும்னு மனசு கேட்டுச்சு.

அப்புறம் தெருப் பெரியவர் மொர்தெகாய்கிட்ட போனா. சேர வர்றவங்களை மூணு தடவை திருப்பி அனுப்பறது அவங்க வழக்கம். பாவம், அது இவளுக்குத் தெரியாது. நாங்களே கொஞ்சம் பேரு, எங்க கஷ்டம் உனக்கெதுக்கும்மான்னாரு. டொக். கதவு சாத்திடுச்சு. மழையெல்லாம் விட்டப்புறம் மறுபடி போனா. சனிக்கிழமை வேலை செய்யக்கூடாது, அடுப்பு மூட்டக்கூடாது, தாங்குவியான்னாரு. டொக். அன்னைலேர்ந்து அவ சனிக்கிழமை கூடையைத் தொடல. அன்னைக்கெல்லாம் அரைவயிறுதான். அப்புறம் மூணாவது தடவை. உன் சனம் உன்னைக் கைவிட்டுடும், வேணாம் போன்னாரு. டொக்.

அப்போ கோமு ஆத்தைக் கடந்து அக்கா வீட்டுக்குப் போனா. சளக் சளக்னு துடுப்பு போடற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே போனா. விஷயத்தைச் சொன்னா. அக்கா திட்டல. இலை போட்டுச் சோறு போட்டா. கோமு சாப்பிட்டு எழுந்ததும், "இனிமே வராதே"ன்னா. அவ்வளவுதான்.

திரும்பி வந்து பெரியவர் வாசல்ல நின்னா. "அக்கா வராதேன்னுட்டா. எனக்குத் தகுதி இருக்கான்னு தெரியாதுங்கய்யா. ஆனா ஆகாரைப் பாத்தவரு என்னையும் பாக்கறாருன்னு நம்பறேன்"னா. இந்தத் தடவை பெரியவர் கதவைச் சாத்தல. சிம்காகிட்ட ஒரு வருஷம் படி, எங்க சனத்துல சேக்கற முழுக்குக்குக் கூப்பிடறேன்னாரு.

ம் சொல்லு. தூங்கிட்டியா? ம்.

ஒரு வருஷம் போச்சு. முழுக்குக் குளத்துல இறங்கினா. பெரியவங்க மூணு பேரு ஓலைத் தட்டிக்கு அந்தப்பக்கம் நின்னு, அவ முழுகற சத்தத்தைக் கேட்டாங்க. சிம்கா படியில நின்னு பாத்தாங்க. பொளக்! முழுகினா. ஒரு முடி மிதக்குது, அது செல்லாதுன்னாங்க சிம்கா. பொளக்! பொளக்! பொளக்! மூணு தடவை முழுசா முழுகி எழுந்தா. சிப்போராள்னு புதுப்பேரு வெச்சாங்க. குருவின்னு அர்த்தம்.

ஆனா கண்ணு, பேரு வெச்சா உடனே ஆளு சேந்துடுமா? வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்போ அவங்க ஓய்வுநாள் தொடங்கும்; அப்போ அந்தத் தெருக்கோடியில போட்டுக்கிட்ட குடிசையில தனியா விளக்கேத்துவா. மத்த வீட்டுலயெல்லாம் கூடி உக்காந்து பாடுவாங்க. இவளும் கூடவே மெதுவா பாடுவா. சிம்கா மட்டும் எப்பவாச்சும் தடியை ஊனிக்கிட்டு வருவாங்க.

அப்புறம் ஒரு நாள் சிம்காவும் போயிட்டாங்க.

டக் டக் டக். அதுவரைக்கும் இவகிட்ட பேசாத பக்கத்து வீட்டு லேயாள் வந்து நின்னா. "சிம்காவைக் குளிப்பாட்ட ஒரு ஆள் குறையுது. வர்றியா?" சிப்போராள் போனா. மத்த பொம்பளைங்களோட நின்னு, அந்த மெலிஞ்ச கையைக் கழுவி, வெள்ளைத்துணி உடுத்தினா.

அடக்கம் முடிஞ்சுது. துக்கம் காக்க சொந்தக்காரங்க தரையில உக்காரணும், அக்கம்பக்கம் அவிச்ச முட்டை கொண்டாந்து குடுக்கணும். அதுதான் அவங்க முறை. சிம்காவுக்குத்தான் சொந்தம் யாருமில்லையே. லேயாள் முட்டைத் தட்டோட நின்னா. எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்க. சிப்போராள் சுவரோரமா ஒதுங்கி நின்னுட்டிருந்தா. லேயாள் நேரா அவகிட்ட வந்தா.

"கீழ உக்காரு, சிப்போராள்."

அவ உக்காந்தா. லேயாள் முட்டையை உரிச்சு அவ கையில வெச்சா. அழுதுகிட்டே சாப்பிட்டா. அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பன்னெண்டு வீட்டுச் சனமும் எழுந்து போகல.

கதை கரையேறிடுச்சு கண்ணு. நீயும் கண்ணை மூடு.