சுத்தமான பாதி

"இல்ல மேடம், நீங்க பொய் எழுதுனீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. ரெண்டு பேருல ஒருத்தர் தப்பா எழுதியிருக்கோம்னுதான் சொன்னேன்."

"அதாவது நான்," ன்னாங்க மெஹர் மேடம்.



பதினெட்டு வருசம் இந்த லேபுல குப்பி கழுவுனவன் நான். ராத்திரி காலேஜுல படிச்சு, ஆறு மாசமாத்தான் வெள்ளக் கோட்டு. மேடம் என்னவிட பதினோரு வயசு சின்னவங்க. வேலை கத்துக்குடுக்கறது அவங்கதான். வாயத் தொறக்காம இருக்கறது மட்டும் நானா கத்துக்கிட்டது.

வாசல்ல ரெண்டு நாளா ஒரு லாரி நிக்குது. நாப்பது மூட்டை கடலை. பால்வாடிப் புள்ளைங்களுக்கு மிட்டாய் போடறதுக்கு.

கடலையில பூசணம் புடிச்சா ஒரு விஷம் ஊறும். வறுத்தாலும் முழுசாப் போகாது. ஈரலுக்கு ஆகாது.

அது இல்லன்னு நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாத்தான் லாரி நகரும்.

எல்லா மூட்டையிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே பையில கலந்தோம். அதுல ஆளுக்குப் பாதி. தனித்தனியா அரைச்சோம், தனித்தனியாப் பாத்தோம்.

என் பாதி சுத்தம்.

மேடம் பாதியில விஷம். இருக்கலாம்னு சட்டம் சொல்ற அளவப் போல மூணு மடங்கு.

நேத்தும் அப்படி. இன்னிக்குக் காலைலயும் அப்படியே.

"மிஷின் கோளாறா இருக்கும் மேடம்."

"ரெண்டு பேருக்கும் ஒரே மிஷின்தானண்ணே. உங்களுக்கு மட்டும் நல்லா இருக்குமா?"

"பிரிச்சதுல தப்பிருக்கும்."

"நேத்து நீங்க பிரிச்சீங்க, நான் எடுத்தேன். இன்னிக்கு நான் பிரிச்சேன், நீங்க எடுத்தீங்க."

அது வாஸ்தவம். சொத்துப் பிரிக்கறப்போ எங்கண்ணன் இவ்ளோ நாணயமாப் பிரிக்கல.

மிஷின் இல்ல. பிரிச்சது இல்ல. அப்போ மிச்சம் யாரு?

சந்தேகமும் கடலை மாதிரிதான். ஒண்ணு வாயில போட்டா நிறுத்த முடியாது. போன வாரம் மேடத்தப் பாக்க கார்ல ஒருத்தர் வந்தாரு. கால் மணி நேரம் பேசுனாரு. போறப்போ ஒரு கவர் குடுத்தாரு. நான் பாத்தேன்.

கேட்டுட்டேன்.

"கார்ல வந்தாரே, அவரு யாரு மேடம்? கடலை வியாபாரியா?"

மேடத்துக்குக் கோவம் வரல. அதுவே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.

"எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா. பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்க வந்தாரு. உங்களுக்கும் ஒண்ணு குடுத்தேனே, பிரிக்கலியா?"

பிரிச்சேன். வெளிச்சத்துல தூக்கிக் கூடப் பாத்தேன். பத்திரிகைதான்.

"அப்போ சரி," ன்னேன். "என் மேலதான் உங்களுக்குச் சந்தேகம். குப்பி கழுவுனவன்தானேன்னு."

"உங்க மேல இல்லண்ணே."

"அப்புறம்?"

"உங்க கை மேல."

"கையும் நானும் ஒரே ஊட்டுலதான் மேடம் இருக்கோம்."

மேடம் சிரிக்கல. பையில மிச்சம் இருந்தத மறுபடி பாதியாக்கி, ஒரு பாதிய என் பக்கம் தள்ளுனாங்க.

"செய்ங்க. நான் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்."

யாராவது சும்மா உக்காருவாங்களா?

அரைக்கறதுக்கு முன்னாடி கல்லு பொறுக்கணும். இல்லன்னா பிளேடு போயிடும். கடலையத் தட்டுல பரப்புனேன். கல்லு போட ஒரு கிண்ணம் வெச்சுக்கிட்டேன்.

மேடம் ஸ்டூல இழுத்துப் போட்டு எதிர்ல உக்காந்தாங்க.

நான் அவங்க கையவே பாத்துக்கிட்டிருந்தேன். என் தட்டுல எதையாவது போட்டுட்டா? அவங்க கை மடியிலயே இருந்துச்சு. மோதிரத்த ஒரு தடவ திருப்புனாங்க. எட்டிப் பாத்தேன். மோதிரம்தான். மறுபடி மடிக்குப் போயிடுச்சு.

கண்ண எடுக்கல நான். ஒரு பொட்டுத் தூசி அவங்க பக்கமிருந்து என் தட்டுக்கு வரல. அதுக்கு நான் எங்க வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன்.

பொறுக்கி முடிச்சேன். தட்டத் தூக்குனேன்.

"கொஞ்சம் நில்லுங்கண்ணே."

"பாத்தீங்கள்ல மேடம்? எங்கயாச்சும் தப்பு இருந்துச்சா?"

"நீங்க என்ன பாத்தீங்க?"

"உங்களத்தான்."

"தெரியும்," ன்னாங்க. "நல்லாப் பாத்தீங்க."

கல்லு போட்ட கிண்ணத்த எடுத்து என் முன்னால கவுத்தாங்க.

கல்லு ரெண்டு.

கடலை ஏழு. சுருங்கிப் போயி, கறுத்து, ஓரத்துல பச்சையா.

கல்லோட சேத்து சொத்தையையும் எப்போ பொறுக்கிப் போட்டேன்னு எனக்கே தெரியல.

மேடம் அதுல ஒண்ண எடுத்து என் உள்ளங்கையில வெச்சாங்க.

"சாப்பிடுங்கண்ணே."

"என்ன மேடம் விளையாடறீங்க? சொத்தையப் போயி... இத எந்தப் புள்ளயாச்சும்..."

பாதியில நின்னுட்டேன்.



வாசல்ல இருந்து லாரிக்காரர் சத்தம் போட்டாரு.

"இருதயராஜ் சார்! கையெழுத்துப் போடறீங்களா இல்லியா? மல்லாட்ட மூட்டையெல்லாம் வெயில்ல காயுது, வாங்க சார்!"

கையில இருந்தத தட்டுல போட்டேன். மேசையில இருந்த ஆறையும் பொறுக்கித் தட்டுலயே போட்டேன்.

"இதோ வர்றேன்யா," ன்னு குரல் குடுத்தேன்.

பேனாவ மேசையிலயே வெச்சுட்டு, எந்திரிச்சுப் போனேன்.