மன்னிக்கப் போன வழி

ஆவுடையப்பன் தன் தம்பியை மன்னிக்கப் புறப்பட்டார்.

தம்பி இசக்கி மலைமேல் குடியிருந்தான். படுத்த படுக்கையாகிவிட்டான், இன்றோ நாளையோ என்று செய்தி வந்திருந்தது. அண்ணனும் தம்பியும் பேசிப் பல வருடமாகிறது. அப்பா தம்பி வீட்டில்தான் இறந்தார். கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன், எல்லாம் முடிந்த பிறகே கேள்விப்பட்டார். மலைக்கு வந்திருந்த வெளியூர் வியாபாரி ஒருவனிடம் உடனே சொல்லி அனுப்பியதாகத் தம்பி அழுதான். அப்படியொரு வியாபாரியை அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்க்கவில்லை.

"அனுப்பியிருந்தா வந்திருப்பான்" என்று சொல்லி அன்றைக்குக் கதவைச் சாத்தியவர்தான் ஆவுடையப்பன்.

பிறகு ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம், பிடிவாதமும் அதிகம். மலைவழி தெரியும் என்று குருவும் கூடவே கிளம்பினார்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் குரு நின்றார்.

"இடதுபக்கம்."

"நிச்சயமா சாமி?"

"நிச்சயமா."

சொல்லிவிட்டுத் தன் தோள்துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஒரு மரக்கிளையில் கட்டினார். ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை.

"நிச்சயம்னு சொல்லிட்டு அடையாளம் எதுக்கு?"

"திரும்பி வர."

குரு விறுவிறுவென்று நடந்தார். தயங்குகிற ஆள் நடக்கிற நடையாக அது இல்லை. அடுத்த பிரிவிலும் அதே கதைதான். ஒரு நிச்சயம், ஒரு கிழிசல். நல்ல துண்டு இப்படிப் பாழாகிறதே என்று சீடருக்கு வயிறு எரிந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பாதை ஒரு பள்ளத்தின் விளிம்பில் போய் முடிந்தது. போன மழையில் மண் சரிந்திருந்தது. எதிரே முள்ளும் பாறையும்தான்.

"நிச்சயம்னு சொன்னீங்களே!" ஆவுடையப்பன் கத்தினார். "அங்கே அவன் மூச்சு நின்னுட்டா நான் என்ன செய்வேன்? இந்தப் பாழாப்போன மலையில புதுசா வர்றவன் தொலைஞ்சுதான் போவான்!"

குரு அவரை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

"தப்பாப் போச்சு. வாரும்."

கூசிக் குறுகவும் இல்லை, சாக்குச் சொல்லவும் இல்லை. கிளையில் ஆடிய துணியைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். முதல் பிரிவில் நின்று குரு சொன்னார்:

"வலதுபக்கம். நிச்சயமா."

கை மறுபடியும் துண்டுக்குப் போனது.

ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "சாமி, எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். நிச்சயம்னா துணி வேண்டாம். துணி கட்டினா நிச்சயம்னு சொல்லாதீங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"நிச்சயம் இல்லாம இந்த இருட்டுக்குள்ள கால் எடுத்து வைப்பீரா?"

"மாட்டேன்."

"அப்போ நடந்து வாரும்."

"துணி?"

குரு முடிச்சை இறுக்கினார்.

மலை ஏறி முடித்தபோது ஒரே ஒரு வீட்டில் விளக்கு தெரிந்தது. வாசலில் நின்ற தம்பி மகள் ஓடிவந்து ஆவுடையப்பன் கையைப் பிடித்தாள்.

"பெரியப்பா, வந்துட்டீங்களா! உயிர் இன்னும் இருக்கு. காலையிலேர்ந்து ஒரே கேள்விதான். அன்னைக்கு அனுப்பின ஆள் அண்ணன்கிட்ட வந்து சேர்ந்தானா, வந்து சேர்ந்தானான்னு."

அவள் உள்ளே ஓடினாள். ஆவுடையப்பன் நிலைப்படியில் கை ஊன்றி நின்றுவிட்டார். புதுசா வர்றவன் தொலைஞ்சுதான் போவான் என்று பள்ளத்தருகே தானே கத்தியது நினைவுக்கு வந்தது. கொண்டுவந்த மன்னிப்பை யாரிடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கண் கலங்கியது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"சாமி, அவன் ஆள் அனுப்பலைங்கிறதுல எனக்கு நிச்சயமா..."

குரு தோளிலிருந்த துண்டை எடுத்து நீட்டினார். கிழித்ததுபோக ஒரு கைப்பிடி மீதி இருந்தது.

"கட்டிட்டு உள்ளே போம்."