பனிக்குள் வந்த வாத்துகள்

ஆம்பல் ஏரியில் ஒரு மயில் நாட்டாமை செய்துகொண்டிருந்தது. கெட்ட மனசுக்காரர் என்று சொல்லமாட்டேன். தன் தோகை மேல் கொஞ்சம் மயக்கம், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கார்த்திகையிலும் வடக்கேயிருந்து வரித்தலை வாத்துகள் அந்த ஏரிக்கு விருந்தாளியாக வரும். அவை வந்தால்தான் ஏரிக்குப் பிழைப்பு. வாத்துகளின் எச்சம் விழுந்த கரையில்தான் கோடையிலும் புல் முளைக்கும், பூச்சி மொய்க்கும், மீன் கொழுக்கும். வராத வருஷம் எல்லோர் வயிற்றிலும் ஈரத்துணிதான்.

அந்த வருஷம் மயில் எல்லோரையும் கூப்பிட்டது.

"விருந்தாளிங்க வர்ற நேரம். ஏரி பார்க்க லட்சணமா இருக்கணும். தவளைங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கர்ண கடூரமா இருக்கு. எருமையக்கா, நீங்க சேறும் சகதியுமா தண்ணில நிக்க வேண்டாம். எல்லாரும் கரைக்கு அந்தப் பக்கம் போயிடுங்க."

முக்குளிப்பான் என்கிற சின்னப் பறவை தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது.

"அய்யா, வேலை செய்யறவங்களையே அனுப்பிட்டா எப்படிய்யா?"

"வேலையா? கத்துறதும் ஊறுறதும் ஒரு வேலையா? அவங்க வர்றது என்னைப் பார்க்க!"

எருமையக்கா கரையேறி நடந்தாள். தவளைகளும் பின்னாலேயே தத்திப் போயின.

மூன்றாம் நாள் விடியற்காலை ஏரி பனிக்குள் மிதந்தது. மரம் எது, கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. எல்லாம் பால் நிறம். அந்தப் பாலுக்கு மேலே எங்கேயோ சிறகுச் சத்தம் கேட்டது. வாத்துகள் வந்துவிட்டன.

மயில் பாறைமேல் ஏறித் தோகையை விரித்தது. அந்தப் பனியில் யார் பார்ப்பது? தொண்டை கிழிய அகவியும் பார்த்தது. மயில் அகவினால் கீழே காடு என்று நினைத்து வாத்துகள் இன்னும் உயரப் போயின.

சிறகுச் சத்தம் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. பிறகு மெல்லத் தெற்கே நகர ஆரம்பித்தது.

"அய்யா, களைச்சுப் போய் வந்திருக்காங்க. இன்னும் ஒரு சுத்துதான் தாங்குவாங்க," என்றது முக்குளிப்பான். "தவளைச் சத்தத்தை வச்சுத்தான் தண்ணி எங்கேன்னு கண்டுபிடிப்பாங்க. எருமையக்கா தினமும் உழப்பி விடற இடத்துலதான் இறங்குவாங்க. மூணு நாளா அக்கா இல்லாம அங்கே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கு. இன்னைக்கு வாத்துங்க வேற ஏரிக்குப் போனா, அவங்க குஞ்சுங்களும் இனி அங்கேதான் போகும்."

மயில் பாறையிலிருந்து குதித்து இறங்கியது. "நீ போய்க் கூட்டிட்டு வா."

"போகச் சொன்னது நீங்க. நீங்கதான் கூப்பிடணும்."

மயில் ஓடியது. தோகை சேற்றில் புரண்டதைக்கூட அது கவனிக்கவில்லை. கரைக்கு அந்தப் பக்கம் போய் மூச்சு வாங்க நின்றது.

"தப்பு பண்ணிட்டேன். எருமையக்கா, உங்க வேலை என்னன்னே தெரியாம நாட்டாமை பண்ணியிருக்கேன். வாங்க."

எருமையக்கா மயிலின் சேறு பிடித்த தோகையைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க தம்பி, தண்ணி தெறிக்கும்," என்று தண்ணீரில் இறங்கினாள். ஆகாயத்தாமரை இரண்டு பக்கமும் விலகி, நடுவில் வழி திறந்தது. ஒரு தவளை தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தது. அப்புறம் ஏரி முழுவதும் பிடித்துக்கொண்டது.

தெற்கே போன சிறகுச் சத்தம் நின்றது, திரும்பியது. பனியைக் கிழித்து ஒவ்வொன்றாக வாத்துகள் இறங்கின, தூக்கத்தில் வருகிறவை போல.

கூட்டத்தின் தலைவி எருமையக்காவின் முதுகுக்குப் பக்கத்தில் நீந்தி வந்தாள். "இந்த ஏரி இல்லைன்னே நினைச்சுட்டோம். எங்க நாட்டுல குஞ்சுங்களுக்கு ரெண்டு அடையாளம்தான் சொல்லி அனுப்புவோம். ஒண்ணு இந்தப் பாட்டு, இன்னொண்ணு இந்தக் கறுப்பு முதுகு."

"என்னைப் பத்தி?" என்று மெல்லக் கேட்டது மயில்.

தலைவி அதை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாரு? இங்க புதுசா வேலைக்கு வந்தவரா?"

மயில் சேற்றுத் தோகையை மடக்கிக்கொண்டது. "ஆமாங்க. இன்னைக்குத்தான் சேர்ந்தேன்," என்றது.

விருந்தாளியை வரவேற்க உழைப்பவரை ஒளித்து வைக்கிற ஊருக்கு, அது எவ்வளவு அழகான ஊரானாலும், விருந்தாளி வந்து சேரமாட்டார்.